வலது காதில் அறுப்பு, இடது காதில் கடி

அக்குரேரி ஊரின் வெந்நீர்க் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற பெர்க்தோராவுக்குக் கோபம் வந்தால் குளத்துத் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும் என்பார்கள். நான் இரண்டு என்பேன். அப்படி ஒரு நாள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அவள் டிக்கெட்டும் கொடுப்பாள், நாவலும் எழுதுவாள். இதுவரை ஒன்பது. ஐஸ்லாந்தில் இது அதிசயமில்லை. இருட்டில் ஒரு கல்லை எறிந்தால் அது எழுத்தாளர் யார் மேலாவது விழும், அவரும் காயம் ஆறுவதற்குள் அதைப் புத்தகமாக்கிவிடுவார். கிறிஸ்துமஸுக்குப் புத்தகம்தான் பரிசு என்று ஆகிவிட்டதால், வருஷத்துப் புத்தகமெல்லாம் குளிர்காலத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொட்டும். அதன்பின் எழுத்தாளர்களை ஊர் ஊராக ஓட்டிவிடுவார்கள். டிசம்பரில் எங்கள் நாட்டில் இரண்டே ஜீவன்களுக்கு ஓய்வு கிடையாது. ஒன்று இணைசேர்க்கப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோகிற ஆட்டுக் கிடா, மற்றொன்று எழுத்தாளர். கிடாவுக்காவது போன இடத்தில் மரியாதை உண்டு.

பெர்க்தோராவுக்கு அது இல்லை. மீன் வெட்டும் ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்தாள், எதிரே இருந்தவர்கள் சூப்பை உறிஞ்சினார்கள். முடி வெட்டும் கடையில் வாசித்தாள், கதையில் ஒருத்தி சாகிற இடத்தில் முடி உலர்த்தும் மெஷினைப் போட்டார்கள். வங்கியில் அவளை வரிசைச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். இத்தனையும் தாங்குவாள். ஒரு கேள்வியை மட்டும் அவளால் தாங்க முடியாது. எந்த ஊரானாலும் வாசித்து முடித்ததும் ஒரு கை உயரும்.

"இதுல வர்ற ஆளு நெஜத்துல யாரு?"

"யாருமில்ல. எல்லாம் என் கற்பனை."

"இல்ல, இருந்தாலும் யாராவது..."

"யாருமில்லன்னு சொன்னேன்ல! மூணு வருஷம் உக்காந்து யோசிச்சிருக்கேன். பக்கத்து வீட்டை எட்டிப் பாத்து எழுதலை!"

அவளுடைய பெருமையே அதுதான். எட்டிப் பார்க்காமல் எழுதுகிறவள்.

அந்த வருஷத்து நாவலில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வாழ்ந்த ஓர் ஆட்டுத் திருடன் வருவான். அண்டை வீட்டுக்காரர்களின் ஆட்டுக்குட்டிகளைப் பிடித்து, காதில் அவர்கள் போட்ட குறிக்கு மேல் தன் குறியை வெட்டித் தனதாக்கிக்கொள்வான். அந்தக் குறியையும் அவள் எழுதியிருந்தாள். வலது காதில் நுனி அறுப்பு, இடது காதில் பின்பக்கம் ஒரு கடி. கடி என்றால் பல்லால் அல்ல, கத்தியால் எடுக்கிற சின்ன அரைவட்டம். எங்கள் நாட்டில் ஆட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு காதுக்குறி உண்டு, ஒரே சமயத்தில் ஒரு குறி இரண்டு பேருக்கு இருக்காது. பெயரை மறந்தாலும் குறியை மறக்கமாட்டோம். தெருவில் நடந்து போகிறவரை அடையாளம் தெரியாமல் முழிப்போம், அவர் வீட்டு ஆட்டை முதுகுப்பக்கம் பார்த்தே கூப்பிடுவோம்.

எங்கள் கிரோகதால் பள்ளத்தாக்கில் அந்தக் குறி எயோல்ஃபுருடையது.

எயோல்ஃபுர் கில் என்ற பண்ணையின் சொந்தக்காரன். வயது அறுபதைத் தொடும். ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை, ஒரு சிரிப்பு சிரித்தும் பார்த்ததில்லை. அந்த வருஷம் பழைய மலைராஜாவுக்கு முழங்கால் போய்விட்டது. இலையுதிர் காலத்தில் மலையெங்கும் சிதறி மேய்கிற ஆடுகளைத் திரட்டிக் கீழே இறக்கும் கூட்டத்துக்குத் தலைவர்தான் மலைராஜா. அவர் சொன்னால் மந்திரியானாலும் சேற்றில் இறங்க வேண்டும். அடுத்த ராஜா எயோல்ஃபுர் என்பது பேச்சளவில் முடிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் புத்தகம் வந்து சேர்ந்தது.

கூட்டுறவுக் கடை ஸ்கூலி அதை முதலில் படித்தான். படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தானா?

"எயோல்ஃபுர், வா வா. ஆட்டுக்கறி வாங்க வந்தியா? உனக்கெதுக்குய்யா கடை?"

அவ்வளவுதான். பாடகர் குழு ஒத்திகைக்கு எயோல்ஃபுர் உள்ளே நுழைந்தால் எல்லோரும் தொப்பியை எடுத்துக் காதை மூடிக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் கொட்டில் கதவில் புதுப் பூட்டு மாட்டி, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். விளையாட்டுதான். ஆனால் ஊர் விளையாட்டாகச் சொன்னது ஊர் வழக்காக மாற எத்தனை நாளாகும்? "திருடனையா ராஜாவாக்கப் போறோம்?" என்று யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்தவர் சிரிக்காமல் சொன்னார்.

இந்த நிலவரத்தில்தான் பெர்க்தோரா எங்கள் ஊருக்கு வாசிக்க வந்தாள். அழைத்தது மாதர் சங்கம், சங்கத்தின் தலைவி நான். எயோல்ஃபுர் விஷயம் எனக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். நாற்காலிகள் நிரம்ப வேண்டாமா?

அன்று பனிக்காற்று. பாதிரியார் ஊர்க் கூடத்து வாசலில் நின்று சொன்ன "கடவுளின் சமாதானம்" காற்றில் பறந்து அடுத்த பள்ளத்தாக்கில் யாரையோ சமாதானப்படுத்தியது. பெர்க்தோரா ஒரு மணி நேரம் தாமதமாக, பனியைத் தள்ளித் தள்ளி, முகம் பீட்ரூட் நிறத்தில் வந்து சேர்ந்தாள். உள்ளே நுழையும்போதே போனில் கத்திக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தலைநகர் ரெய்க்கியாவிக்கில் கதகதப்பாக உட்கார்ந்திருந்த பதிப்பகத்து கிஸ்ஸுர்.

"ரோடு மூடப் போறாங்கன்னு தெரிஞ்சும் அனுப்பினியா? ... சிரிச்ச முகமா இருக்கணுமா? நீ வந்து சிரி!"

பொதுவாக நாங்கள் வந்தவருக்குக் காப்பி ஊற்றுவதற்கு முன்பே, "நீ யார் வீட்டுப் பிள்ளை, தாத்தா எந்தப் பண்ணை?" என்று கேட்டுவிடுவோம். அன்று நேரமாகிவிட்டதே என்ற பரபரப்பில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, அப்பா பெயரை வால்போல ஒட்டிக்கொள்வதோடு சரி. அம்மாவழித் தாத்தா யார் என்று யாருக்குத் தெரியும்? அவளும் சொல்லவில்லை. சொன்னால் "அப்போ இது எங்க பள்ளத்தாக்குக் கதையா?" என்று தொடங்குவார்களே என்ற எரிச்சல்.

வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள், அந்தத் திருட்டுப் பகுதியையே. முடித்ததும் ஒரு கை உயர்ந்தது. கடைசி வரிசையில் எயோல்ஃபுர், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"அந்தத் திருடன் யாரு?"

"யாருமில்ல."

"குறி?"

"என்ன குறி?"

"வலது காதுல அறுப்பு, இடது காதுல பின்னால கடி. அது யாரோடது?"

"யாரோடதும் இல்ல. கற்பனை."

அவன் எழுந்தான். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது, அத்தனை வேகம்.

"கற்பனையா? என் கொட்டில்ல முன்னூறு கற்பனை புல்லு தின்னுட்டு நிக்குது! வந்து பாரு!"

கூடம் சிரித்தது. சிரித்தது தப்பு. அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"சிரிங்கடா, சிரிங்க. அறுபது வருஷம் யார் வீட்டுக் கயித்தையும் தொட்டதில்ல நான். இவ ரூமுக்குள்ள உக்காந்து நாலு வரி கிறுக்குவா, நான் திருடனாயிடணுமா? மன்னிப்புக் கேளு."

"எதுக்குக் கேக்கணும்? நாவல்ல மழை பெஞ்சா உன் வீட்டுல குடை பிடிப்பியா? படிக்கத் தெரியாதவன் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லவா நான் பனியில செத்து வந்தேன்?"

"படிக்கத் தெரியும்மா. அதான் வம்பே. அது எங்க குறி, எங்கப்பா குறி!"

பெர்க்தோரா கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் அறைந்தாள். காப்பிக் கோப்பைகள் துள்ளின.

"உங்கப்பா குறியா? உங்கப்பாவுக்கு அது எங்கேருந்து வந்துச்சு? கில் பண்ணையை விலைக்கு வாங்கினப்ப கூடவே வந்துச்சு! அதுக்கு முந்தி முப்பது வருஷம் அது எங்க தாத்தா தோர்லாக்குரோட குறி! அவர் ஸ்பூன் பிடியிலகூட அதை வெட்டி வெச்சிருந்தார். அந்த ஸ்பூன்லதான் நான் கஞ்சி குடிச்சேன்! பெரிசா பேச வந்துட்டான், எங்க குறின்னு!"

வெளியே காற்றுகூட நின்று கேட்டது என்பேன், நம்பினால் நம்புங்கள்.

முதலில் வாயைத் திறந்தவன் கடைக்கார ஸ்கூலி. "பெர்க்தோரா, கண்ணு... இந்தக் கதை எந்தக் காலத்துல நடக்குது?"

"முப்பதுகள்ல. முதல் பக்கத்துலயே இருக்கு."

"சரி. முப்பதுகள்ல அந்தக் குறி யார்கிட்ட இருந்துச்சு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். 'தாத்...' என்று பாதிச் சொல் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த எவரும் அவள் தெரிந்தே எழுதினாள் என்று சொல்லமாட்டார்கள். அவள் பேனா குழந்தைப் பருவத்துக் கஞ்சி ஸ்பூனிலிருந்து அந்தக் குறியைக் களவாண்டு வந்து கொடுத்திருக்கிறது, அவளோ அதைக் கற்பனை என்று நினைத்துக்கொண்டாள்.

கூடம் வெடித்தது. ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார். எயோல்ஃபுர் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க நாப்பது பேர் கேட்டாச்சு. மத்தவங்க? ஞாயித்துக்கிழமை ரேடியோவுல பேசப் போறியாமே. அங்க சொல்லு."

"சொல்ல மாட்டேன். என் கதைக்கு நான் சாட்சி சொல்றதில்ல."

"என் பேரு போகுது!"

"என் புத்தகமும்தான் போகுது! இனிமே இதை யார் நாவலா படிப்பா? தோர்லாக்குர் வீட்டு வம்பாத்தான் படிப்பாங்க!"

நாங்கள் பரிமாறிய புகைபோட்ட ஆட்டுக்கறியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். எங்கள் சங்கத்தின் வரலாற்றில் அப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை. மலைச்சாலை மூடிவிட்டதால் என் வீட்டில்தான் தங்கினாள். கதவுகளைச் சாத்துவதிலேயே ஒருத்தி எத்தனை வசவு வைய முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை ஹூசாவிக் ஊரில் அடுத்த வாசிப்பு. சாலையில் ஆளுயரப் பனி. பனி தள்ளும் அரசாங்க வண்டி மத்தியானத்துக்கு முன் வராது. பெர்க்தோரா ஜன்னலில் நின்று கிஸ்ஸுரைத் திட்டிக்கொண்டிருந்தபோது மேட்டில் ஒரு டிராக்டர் வெளிச்சம் தெரிந்தது. அதன் முன்னால் பனி தள்ளும் தகடு, உள்ளே எயோல்ஃபுர். என் வாசல்வரை வழி வெட்டினான், பிறகு திரும்பி மலைச்சாலைப் பக்கம் போனான். அவள் காரை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஊர்ந்தாள். வேடிக்கையை விடுவேனா? நானும் ஏறிக்கொண்டேன்.

மலை உச்சியில் டிராக்டரை ஒதுக்கி நிறுத்தினான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"உன்கிட்ட இதை நான் கேக்கலை."

"உனக்காகவா செஞ்சேன்? ரோட்டுக்காக."

"நன்றி சொல்ல மாட்டேன்."

"வேணாம். சொல்ல வேண்டியதை நீ சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு." டிராக்டரைத் திருப்பினான். எங்கள் முகத்தில் பனியை அள்ளி வீசிவிட்டுப் போனான்.

ஹூசாவிக் வரும்வரை அவள் ஸ்டீயரிங்கைப் பிழிந்துகொண்டே ஓட்டினாள். ஒரே ஒரு தடவை, "இப்படி ஒரு ஆளை நான் எழுதியிருந்தா நம்பமுடியலைன்னு மதிப்புரைல போட்டிருப்பானுங்க" என்றாள், அதையும் கோபமாகத்தான்.

அதற்குள் செய்தி கிஸ்ஸுர் காதுக்கும் போய்விட்டது. போனில் குதித்தான்: "தங்கச் சுரங்கம்! எல்லா ஊர்லயும் தாத்தா கதையைச் சொல்லு. போஸ்டர்ல போட்டுடலாமா, 'எழுத்தாளரின் தாத்தாவே திருடன்'னு?" அவள் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. அதன்பின் எந்த ஊரிலும் அந்தப் பகுதியை அவள் வாசிக்கவில்லை. கேட்டவர்களுக்கு வேறொரு கல்யாணக் காட்சியை வாசித்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை எங்கள் பள்ளத்தாக்கில் வைக்காத வீடு இல்லை. ஆட்டுக்கொட்டில்களில்கூட ஓடியது. பேட்டி எடுத்தவர் எல்லாரும் கேட்பதையே கேட்டார். "கதையில் வருபவர்கள் எல்லாம் கற்பனைதானே?"

ரேடியோ கெட்டுவிட்டதென்று நான் தட்டிப் பார்த்தேன்.

"இல்லை," என்றாள் பெர்க்தோரா. பல்லைக் கடித்துப் பேசுகிறவளின் குரல். "அந்தக் காதுக்குறி என் தாத்தாவுடையது. அதை எனக்கே தெரியாம எடுத்துப் போட்டுட்டேன். திருட்டு மட்டும்தான் என் கற்பனை. இன்னிக்கு அந்தக் குறி வெச்சிருக்கற கில் பண்ணைக்காரருக்கும் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அவர் நேர்மையானவர், வாய்தான் மோசம். இனிமே அவரைப் பாத்து யாராவது சிரிக்கணும்னா என்கிட்ட வந்து சிரிங்க. அடுத்த கேள்வி."

அந்த வாரமே கூட்டம் போட்டு எயோல்ஃபுரை மலைராஜாவாக்கினார்கள். ஸ்கூலி சும்மா இருப்பானா? "குறி பழைய திருடனோடது. காணாமப்போன ஆடு எங்க ஒளிஞ்சிருக்கும்னு அதுக்குத் தெரியும்" என்று முன்மொழிந்தான். எயோல்ஃபுர் மேஜையைக் குத்தி மூன்று பேரைப் பெயர் சொல்லித் திட்டினான். ராஜா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் ரேடியோவை எங்கள் பள்ளத்தாக்கு மட்டுமா கேட்டது? தோர்லாக்குரின் மகள், பெர்க்தோராவின் அம்மா வில்போர்க்கும் கேட்டாள். எண்பது வயது, அக்குரேரி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், காது மட்டும் பூனைக்காது. வானொலி நிலையத்தின் படியைவிட்டு இறங்குவதற்குள் மகளுக்குப் போன் வந்ததாம். இதை பெர்க்தோராவே குளத்தங்கரையில் என்னிடம் சொன்னாள், டிக்கெட்டைக் கிழிக்கிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"எங்கப்பாவை ஊருக்கு முன்னாடி திருடன் ஆக்கிட்டியேடி!"

"அம்மா, திருட்டு கற்பனைன்னு சொன்னேன்ல? நீ சரியா கேக்கலை."

"எல்லாம் கேட்டேன். அவர் எடுத்துட்டு வந்தது ரெண்டே ரெண்டு குட்டி. அதுவும் நம்மளோடது, பக்கத்துப் பண்ணைக்காரங்க முதல்ல அடிச்சிட்டுப் போனது."

பெர்க்தோரா படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"என்னம்மா சொல்ற?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, இன்னும் கோபமாகக் கேட்டாள்: "அதை யாருடி உன்கிட்ட சொன்னது?"