ஆறுமணிக்குருவியும் புற்றுக்கு ஊற்றாத பாலும்

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் எனக்குக் குழந்தை உண்டாகவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. அப்போது நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய அம்மா என்று மூன்றே பேர். அவர்களுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அதே பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு லேத் வேலை. நிலம் போனாலும் மாட்டை விடமாட்டேன் என்று அத்தை ஒரு பசுவை மட்டும் கொல்லையில் கட்டி வைத்திருந்தார்.

குழந்தையைப் பற்றி அத்தை என்னை ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. தெருவில் யாராவது கேட்டால் அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு மாசி மாதத்தில்தான் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"கோவில்பதாகை போற வழியில ஒரு புத்துக் கோயில் கீது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒம்பது வாரம் பால் ஊத்திட்டு வாங்க. நம்ம மாட்டுப் பாலே கறந்து தர்றேன். காய்ச்சக் கூடாது. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் பச்சத் தண்ணி தொடமாட்டேன்."

"நீ எதுக்கும்மா பட்டினி கெடக்கணும்?" என்றார் அவர்.

"என் வேண்டுதல் அது. நீ சும்மா குந்து."

முதல் ஞாயிறு ஒழுங்காகப் போனோம். விடியும் முன்பே அத்தை பால் கறந்து சின்னத் தூக்கில் ஊற்றி, மேலே வாழையிலைத் துண்டைப் போட்டு மூடிக் கொடுத்தார். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பால் தளும்பாமல் மடியில் பிடித்துக்கொண்டு போனேன். புற்றைச் சுற்றி வந்து பால் ஊற்றினோம். பூசாரி கொஞ்சம் புற்று மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது அவர் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பைனாகுலரை எடுத்தார். மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துச் சாமான் விற்கிறவனிடம் வாங்கியது. ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்ததால் இன்னொரு பக்கத்தை மட்டும் ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறபோது தொழிற்சாலைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் குருவி பார்க்கத் தொடங்கியவர் அவர். கூட வேலை செய்கிறவர் ஒருவரிடம் பறவைப் படங்கள் போட்ட பழைய புத்தகம் ஒன்றையும் கடன் வாங்கி வைத்திருந்தார். வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார். கழனியில் தகர டப்பா தட்டிக் குருவி விரட்டிய குடும்பத்தில் பிறந்தவன் குருவியைத் தேடிப் போகிறான் என்றால் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

"இந்தா, பாரு."

காக்காயும் மைனாவும் தவிர எதையும் நின்று பார்த்தவள் இல்லை நான். அந்த ஒற்றைக் கண்ணாடிக்குள் முதலில் தண்ணீர்தான் ஆடியது. பிறகு நீண்ட சிவந்த கால்களோடு ஒரு பறவை, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கிற பெண்ணைப் போல, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்தது. அதன் கண்ணைக்கூடப் பார்க்க முடிந்தது. நான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவர் இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வாரம் ஏரிக்கு முதலில் போனோம். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும், கோயில் எங்கே போகப்போகிறது என்றார் அவர். எனக்கும் அது சரியென்று பட்டது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசாரி கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நின்று அவசரமாகப் பாலை ஊற்றிவிட்டு வந்தோம்.

மூன்றாவது வாரம் கோயிலுக்கே போகவில்லை. ஏரி வற்றத் தொடங்கியிருந்தது. நடுவில் மிஞ்சிய தண்ணீரில் எங்கெங்கிருந்தோ வந்த வாத்துகள் நெருக்கியடித்துக் கிடந்தன. இன்னும் சில நாளில் இவை வடக்கே போய்விடும் என்றார் அவர். அதைக் கேட்ட பிறகு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. பார்த்துப் பார்த்து வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"பால் திரிஞ்சிடும்," என்றார் அவர். "கீழ ஊத்தறதும் பாவம். குடி."

முதல் மிடறு நான்தான் குடித்தேன். மீதியை அவர் குடித்தார். தூக்கை ஏரித் தண்ணீரில் கழுவினேன்.

வீட்டில் அத்தை வாசலிலேயே காத்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. முதல் வாரம் கொண்டுவந்த புற்று மண்ணில் கொஞ்சம் காகிதத்தில் மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தேன். அவர் நெற்றியில் இட்டு, ஒரு துளியை வாயில் போட்டுக்கொண்டு, அதன் பிறகே தண்ணீர்ச் செம்பை எடுத்தார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போனேன்.

இனிமேல் ஒழுங்காகப் போகவேண்டும் என்று அன்று ராத்திரி நான் என் கணவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். ஆனால் ஞாயிறு காலையில் கரை மேல் சைக்கிள் ஏறியதும் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத் தெரியாத பறவைக்கெல்லாம் நானே பெயர் வைப்பேன். அவர் புத்தகத்தில் தேடிச் சரியான பெயரைச் சொல்வார். கல்யாணமான நாள் முதல் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை, அவ்வளவு சிரித்ததில்லை. வீட்டில் ஒரு கிழவி நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு நடுவில் வரும். அடுத்த பறவை பறந்து வந்தால் அது போய்விடும்.

புற்று மண் தீர்ந்த வாரம் அவர் கரையிலிருந்தே கொஞ்சம் மண்ணைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்தார்.

"மண்ணு மண்ணுதானே," என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நான் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அத்தை அந்த மண்ணையும் வாயில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாவது ஞாயிறு பங்குனி கடைசி. ஏரியில் தண்ணீர் சட்டி அளவுக்கு ஒடுங்கிவிட்டது. கரைக்குப் பின்னால் கருவேலமும் ஈச்சம்புதரும் அடர்ந்த பள்ளத்தில், காய்ந்த சருகுக்குள் ஏதோ தத்தியது. நான்தான் முதலில் பார்த்தேன். அவர் கையை அழுத்தினேன். மைனாவைவிடச் சின்னது, வால் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. பச்சை முதுகு. திரும்பியபோது தோளில் பளீரென்று நீலம், அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டினாற்போல் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை இழுத்தாற்போல் கறுப்புப் பட்டை. சருகைப் புரட்டி ஒரு புழுவை எடுத்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. அப்புறம் தன் வேலைக்குத் திரும்பிவிட்டது.

"ஆறுமணிக்குருவி," என்று கிசுகிசுத்தார் அவர். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவர் எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறார். அந்தி ஆறு மணிக்குக் கூவும், வெயில் காலம் தொடங்கும்போது வடக்கே போகிற வழியில் எங்கேயாவது இறங்கி ஒரு நாள் இரண்டு நாள் இளைப்பாறும் என்று எனக்கு விளக்கியவர், அதை இந்த ஊரில் பார்ப்போம் என்று நினைத்ததே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பாலை அன்றைக்கு எப்போது குடித்தோம் என்றே ஞாபகமில்லை. சைக்கிளில் வரும்போது அவர் பாடிக்கொண்டே மிதித்தார்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். எங்களுக்குப் பிறகு கல்யாணமாகி வந்தவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

"இன்னாக்கா, நீங்க மட்டும் வர்றீங்க? கடைசி வாரமாச்சேன்னு ஆயா பொங்கல் வச்சி எடுத்துகினு பஸ் ஏறிச்சே. கோயில்ல பாக்கலயா?"

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அது சரியாக நிற்காமல் சாய்ந்தது. இரண்டாவது தடவையும் சாய்ந்தது. நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். உச்சி வெயிலில் அத்தை தெருமுனையில் வந்தார். தலையில் முந்தானை, இடுப்பில் துணி கட்டிய பொங்கல் பானை. நான் ஓடிப்போய்ப் பானையை வாங்கினேன். கொடுத்துவிட்டார். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பூசாரி சொன்னாரு," என்றார். "மொதல்ல ரெண்டு வாரம் வந்தாங்க, அப்பால காணமேன்னு."

என் கணவர் தலையைக் குனிந்து நின்றார். "ஏரியாண்ட குருவி பாத்துகினு இருந்தோம்மா," என்றார். முப்பது வயது ஆண்பிள்ளை அதைச் சொன்னபோது குரல் உடைந்தது.

குருவியைப் பற்றி அத்தை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பால இன்னா பண்ணீங்க?"

"குடிச்சிட்டோம் அத்தை."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காய்ச்சாத பாலாச்சே. வயித்துக்கு ஆவாதே."

பிறகு மூன்று தட்டு எடுத்துவரச் சொன்னார். பொங்கலைப் பிட்டு வைத்தார். "நேரா சொல்லிட்டுப் போயிருந்தா நானாவது ஒரு வாய் துன்னிருப்பேன்," என்றார். மண்ணைப் பற்றிக் கேட்பார் கேட்பார் என்று பயந்துகொண்டே சாப்பிட்டேன். அன்று மட்டுமல்ல, கடைசிவரை கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அத்தையே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் வருகிறோம் என்றோம். "வாணாம். விட்டுப் போன வேண்டுதல் என்னுது, நானே முடிச்சிக்கிறேன். நீங்க குருவி பாருங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்கிற குரலில்தான் சொன்னார். இரண்டு வாரம் நாங்கள் எங்கும் போகவில்லை. மூன்றாவது வாரம் என் கணவரால் இருக்க முடியவில்லை. எனக்கும்தான். கரையில் நின்று பைனாகுலரைத் திருப்பிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். என்னவென்று வாங்கிப் பார்த்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்திலிருந்து கோயிலுக்குப் போகிற மண் பாதையில், அத்தை. மூட்டு வலியால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, நாலு அடிக்கு ஒரு முறை நின்று, தூக்கை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு.

நான் நிமிர்ந்தபோது அவர் சைக்கிளில் பாதித் தூரம் போயிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அவரே அம்மாவைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நான் வீட்டில் இருந்து சமைத்தேன். அந்த வருஷம் கடைசியில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. மகள் பிறந்தாள்.

நடந்ததையெல்லாம் அத்தை எப்படி மறந்தார் என்று எனக்குப் புரியவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாரா என்றும் தெரியவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்த பெண்களிடமெல்லாம், "என் மருமவ ஒரு வாரங்கூட உடாம புத்துக்குப் பால் ஊத்துனா. நாகாத்தா கண்ணத் தொறந்தா," என்றே சொன்னார். அவர்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதுவரை குழந்தை இல்லை. ஒரு நாள் மத்தியானம் அத்தை மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தபோது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பால் ஊத்தும்போது இன்னா வேண்டிக்கினீங்க?"

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "நான் ஊத்தலடி," என்றேன். "ஏரிக்கரையில குருவி பாத்துகினு இருந்தேன். ஊத்துனது அத்தைதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "வெளிய சொன்னா பலிக்காதுன்னு மறைக்கிறீங்களாக்கா?" என்றாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில், "நீங்க கூட வாங்க, அது போதும்," என்றாள். அவளோடு இரண்டு வாரம் போனேன். அவளை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பாமல் புற்றைச் சுற்றினேன். மூன்றாவது வாரம் என் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் தனியாகப் போனாள். அப்புறம் ஏதேதோ காரணத்தால் நான் போகவே இல்லை. சீக்கிரத்திலேயே நாங்கள் திருநின்றவூரில் மனை வாங்கிக் குடிபோய்விட்டோம்.

சில வருஷம் கழித்து மகளோடு ஆவடியில் ரயிலில் ஏறினேன். கள்ளிக்குப்பத்துப் பக்கத்து வீட்டுப் பெண் எதிர் இருக்கையில் இருந்தாள். என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தடவி, பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று அவளே சொன்னாள். அத்தை எப்படியிருக்கிறார் என்று கேட்டாள். மூட்டு வலி அதிகம், வெளியே போவதில்லை என்றேன்.

"ஒம்பது வாரமும் நீங்க கூட வந்திருந்தா ஆயிருக்குமோன்னு சில நேரம் தோணும்க்கா," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பட்டாபிராமில் அவள் இறங்கினாள். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை ஆட்டினாள். ரயில் நகரும் வரை அவளும் நடைமேடையில் நின்று ஆட்டினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.