காதைப் பிடித்துத் தூக்கும் பை

எனக்குப் புத்தி தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் முழுதாக வரவில்லை என்பார்கள் வீட்டில். பத்து வயதில் நான் என்னை ஒரு விஞ்ஞானி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் சின்னம்மா. அம்மாவின் தங்கை. கெலுகோர் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. தங்கியது எங்கள் வீட்டில். நாற்று வளர்க்கும் கறுப்பு பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக, கன்றோடு புதைத்தால் மட்கிவிடும் பை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். செம்பனை நாரையும் மரவள்ளி மாவுக் கஞ்சியையும் பிசைந்து, அச்சில் அழுத்தி, அடுக்குமாடி வராந்தாவில் காய வைப்பார்.

"வீடு முழுக்க கஞ்சி வாடை. தட்டுல மட்டும் ஒண்ணையும் காணோம்" என்பார் அப்பா.

காய்ந்த பையை விரலால் குத்திப் பார்ப்பது என் ஆராய்ச்சி. குத்தியதற்குத் திட்டு வாங்குவது அதன் இரண்டாம் பாகம்.

பாலிக் புலாவ் நாற்றுப்பண்ணை முதலாளி ஒருவர் இந்தப் பையை வாங்கச் சம்மதித்தால்தான் சின்னம்மாவின் ஒப்பந்தம் நீளும் என்று ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் சொல்லிவிட்டார். முதலாளி கொடுத்த சாதிக்காய்க் கன்றுகள் எங்கள் வராந்தாவில் மாதக்கணக்கில் வெயிலும் சாரலும் வாங்கின. ஒரு பையும் உடையவில்லை. வேர் பையைத் துளைத்து எட்டிப் பார்த்த அன்று சின்னம்மா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார்.

ஒரு சனிக்கிழமை கன்றுகளைக் காரில் கொண்டுபோனோம். ஒவ்வொன்றையும் அடியில் இரு கை கொடுத்து, பிறந்த பிள்ளையைப் போல இறக்கி வைத்தோம். முதலாளி வேரைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. தம்பி, இத லோரில ஏத்து, பாப்போம்."

பண்ணை ஆள் எப்போதும் ஏற்றுகிற மாதிரிதான் ஏற்ற வந்தார். பையின் வாயைக் கொத்தாகப் பிடித்து, கைக்கு இரண்டாகத் தூக்கினார். வாய் மட்டும் கையோடு போனது. மீதி பொத்தென்று விழுந்து மண் சிதறியது.

வகுப்பில் ஒருவனுக்குக் கால்சட்டை அவிழ்ந்து விழுந்தபோதுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை. கைதட்டிக் குதித்தேன். என்னைப் பார்த்துப் பண்ணையே சிரித்தது.

"அண்ணே, அடியில கை கொடுத்துத் தூக்கணும்ணே" என்றார் சின்னம்மா.

"ஒவ்வொண்ணா கொஞ்சிக்கிட்டா? லோரி ரொம்பறதுக்குள்ள தீபாவளியே வந்துரும் லா! பிளாஸ்டிக்னா காதப் பிடிச்சுத் தூக்கலாம். போய்ட்டு வாம்மா" என்றார் முதலாளி.

வராந்தாவில் அத்தனை மாதமும் நாங்கள் ஒரு பையைக்கூடக் காதைப் பிடித்துத் தூக்கியதில்லை.

திரும்பும் வழியில் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். சின்னம்மா காரை ஓரங்கட்டிப் பேசினார். "அப்புறம் இது எதுக்கு சார்?" என்று ஒருமுறை கேட்டார். மற்றதெல்லாம் "சரி சார்".

அடுத்த மாதமே சின்னம்மா ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, பாயான் லெபாஸில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போனார். இப்போது கடைகளில் பச்சை இலைப் படம் போட்ட நாற்றுப் பைகள் விற்கிறார்கள். காதைப் பிடித்துத் தூக்கினால் கிழிவதில்லை. ஒன்றை வாங்கி மண்ணில் புதைத்தேன். இன்னும் இருக்கிறது.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? போனை வைத்த பிறகும் அவர் ஏன் வண்டியைக் கிளப்பவில்லை என்றுகூடத் தெரியவில்லை. சிரித்ததற்கு ஈடாக என் விஞ்ஞான மூளையைக் கொஞ்சம் கொடுத்து உதவலாம் என்று தோன்றியது.

"சின்னம்மா, உள்ளுக்குள்ள லேசா பிளாஸ்டிக் ஒட்டிட்டா கிழியாதுல்ல?"

"ப்ரொபசரும் அதத்தான்டா சொல்றாரு."