கங்காணி வீட்டு நாற்காலி

பிரம்பு பின்னிய நாற்காலி அது. கங்காணி வீட்டில் விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். அன்று விடிகாலையில் பெரட்டுக் களத்துக்கு வந்தது. மலைக்கு ஏறுமுன் நாங்கள் பேர் கொடுக்கும் இடம். தோட்டத்து ஜனங்களைப் பற்றி எழுத வந்த ஆராய்ச்சி ஐயா அதில் உட்கார்ந்தார். கங்காணி பக்கத்தில் நின்றார். நாங்கள் கூடையோடு வரிசையில் நின்றோம். மடுல்சீமைக் குளிரில் கால் விறைத்தது. என்ன குறை என்று ஐயா கேட்டார். கங்காணி முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் குறை சொல்வது? ஒன்றும் இல்லை என்றோம். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அண்ணியின் முறை வந்தது. என் அண்ணன் பெண்சாதி. அவள் கைக்குழந்தை வயிற்றோட்டத்தில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டிருந்தோம். தேயிலைக் கொழுந்து ஏற்ற வேண்டும் என்று கொடுக்கவில்லை. பிள்ளை எப்படிச் செத்தது என்று ஐயா கேட்டார். அண்ணி வாய் திறக்குமுன் கங்காணி சொன்னார்: “நாட்டு மருந்தக் குடுத்துக் கெடுத்துட்டாளுங்க.” பேனா ஓடியது.

“ஐயா, எங்க லயத்து வீட்டுக்கு வாங்க. நடந்தத நான் சொல்றேன்,” என்றாள் அண்ணி.

“அதான் கங்காணி சொல்லிட்டாரே,” என்றார். நேரமில்லையாம். ஜீப் பதுளைக்குக் கிளம்பியது. பின் சீட்டில் ஆளே இல்லை.

சில மாதம் கழித்து டிஸ்பென்சரி ஐயா பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். ஆராய்ச்சியில் தெரிந்துவிட்டதாம், தாய்மார் அறியாமைதான் பிள்ளைகளைக் கொல்கிறதாம். அண்ணி எழுந்து வெளியே போய்த் துப்பினாள். “செத்த புள்ளையக்கூட நம்ம வாயால சொல்ல விட மாட்டானுங்க,” என்றாள். அதற்குப் பிறகு கேள்வி கேட்க யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

போன மாதம் படிக்கிற பெண்பிள்ளை ஒன்று லயத்துக்கே வந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன், பிழை என்றால் திருத்துங்கள் என்றது. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னாலேயே கங்காணி மகன் அந்த நாற்காலியைத் தூக்கி வந்து என் வாசலில் போட்டான். போட்டுவிட்டு அங்கேயே நின்றான்.

“மொதல்ல நாற்காலியும் இவரும் போகட்டும்மா,” என்றேன்.

பிள்ளை திரும்பி, நீங்கள் போங்கள் என்றது. அவன் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கிப் போனான். பள்ளம் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை படியில் உட்கார்ந்தது.

“எழுதிக்கம்மா,” என்றேன். “லொறி கேட்டோம். குடுக்கல.”