நெய்ப்பந்தத்துக்கு இரவல் பேரன்கள்

என் அப்பாவுக்கு எண்பது தாண்டியும் சாக மனசில்லை. எனக்கு நாற்பத்தைந்திலேயே வாழப் பயம். எங்கள் பகை இதில்தான் முளைத்தது.

அப்பாவோடு பிறந்தவர்களில் பாதியைப் பஞ்சமும் மீதியைக் காலராவும் கொண்டுபோயின. தான் மட்டும் தப்பியதைத் தன் சாமர்த்தியம் என்றே நம்பினார். எனக்கு ஒரே மகள். அவள் பிறந்தபோதே என் மனைவி செத்துப் பிழைத்தாள். இன்னொரு பிரசவம் தாங்காது என்று வேலூர் டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

அப்பா பேரனைக் கேட்டது கொஞ்சுவதற்கில்லை. பாடையைச் சுற்றிப் பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்தால்தான் அது நிறைவான கல்யாணச் சாவு. பேத்தி பிடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "பந்தம் புடிக்க ஆள் இல்லாம நான் போவமாட்டேன்டா" என்று மிரட்டுவார். கடைசியில் திருப்பத்தூரில் எனக்கு இரண்டாம் தாரமே பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை தாம்பூலம்.

நான் மறுக்கவில்லை. என் பயம் அப்படி. எங்கள் தெருவில் தொட்டிலைவிடக் கைத்தடி ஜாஸ்தி. கிழங்கள் போவதாயில்லை, குழந்தைகள் வருவதாயில்லை. இன்னும் நூறு வருஷத்தில் எங்கள் ஆம்பூரில் தோல் இருக்கும், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி இருக்கும், குழியில் இறங்க ஒருத்தன் இருக்கமாட்டான். எனக்கு எண்பதானால் கஞ்சி ஊற்றுவது யார்? தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே மொத்த மனித குலத்துக்காகவும் நடுங்கியவன் நான். மனித குலம் என்னைக் கேட்கவேயில்லை.

புதன்கிழமை மத்தியானம் அப்பா கூழ் குடித்துவிட்டுப் பாயில் மல்லாந்தார். கூப்பிட்டேன், அசையவில்லை. மூக்கில் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பந்தம்தான் தோன்றியது. தெருவில் கோலி ஆடிய பையன்களை வாரிக்கொண்டு வந்தேன். அதில் பீடிக்கடை பாயின் மகனும் இருந்தான். குச்சியில் துணி சுற்றி, நெய்யில் தோய்த்து, கொளுத்திக் கொடுத்தேன்.

"சுத்துங்கடா! தாத்தான்னு அழுங்கடா!"

புகையில் பிணம் இருமியது. எழுந்து உட்கார்ந்தது.

"யாரு வூட்டுப் புள்ளைங்கடா இதுங்க?"

"உனுக்குத்தாம்பா... பந்தம்..."

"மூச்சு கீதான்னு பாத்தியாடா, பேமானி?"

"பாக்கல."

"பெத்தவன் போய்ட்டான்னதும் இன்னா சந்தோஷம் உனுக்கு! நெய்யி எவ்ளோ போச்சு?"

அதுவரை மாமனார் முன்னால் வாயே திறக்காத என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். பந்தங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாத்துக்கினீங்களா மாமா? சொடக்கு போடறதுக்குள்ள இத்தினி பேரன். இதுக்கா என்னையும் என் பொண்ணையும் மூலைல தள்ளி ஒருத்திய கூட்டியாறீங்க? வெள்ளிக்கெழம தாம்பூலம் மாறட்டும், நாங்க பேரணாம்பட்டுல எங்கம்மா வூட்டுக்குப் போறோம். அப்புறம் கூழு அந்தப் புது மருமவ ஊத்தட்டும்."

"வாய் ஜாஸ்தி ஆய்டுச்சு" என்றார் அப்பா. ஆனால் பார்வை கூழ்ச்சட்டியிலேயே இருந்தது. செத்தபின் வரும் பந்தமா, சாயந்திரம் வரும் கூழா என்று அந்தக் கிழவர் யோசித்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலையில் தாம்பூலம் வேண்டாமென்று திருப்பத்தூருக்கு ஆள் போனான். என் மனைவிக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கூழ்தான் பேசியது.

என்னை மட்டும் அப்பா மன்னிக்கவில்லை. இப்போதும் அவர் தூங்கும்போது நான் பாய்ப்பக்கம் போனால் ஒரு கண் திறக்கிறது.

"கீறேன்டா. நெய்ய எடுத்து உள்ள வெய்யி."