கோல்கீப்பருக்கு வீடு எங்கே?

பி.டி. மாஸ்டர் என்றால் விசில் ஊதிவிட்டு நிழலில் ஒதுங்கி நிற்கிறவன் என்று நினைப்பவர்கள், பள்ளி மாறி வந்த ஒரு பிள்ளை அந்த வருஷமே ஃபுட்பால் ஆடலாமா கூடாதா என்று ஒரே ஒரு தடவை தீர்ப்புச் சொல்லிப் பார்க்கட்டும்.

நான் அமீரகத்தில், அஜ்மானில் ஓர் இந்தியப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக பி.டி. மாஸ்டர். சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை. எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே பந்தை உதைத்துவிடுவார்கள். அந்தத் திமிரில், இங்கே பள்ளிகளுக்கு இடையே நடக்கும் பெண்கள் ஃபுட்பால் கோப்பைக்கு ஒரு தகுதிக் குழு அமைத்தபோது, செயலாளர் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். குழு என்றால் பெரிய கூட்டமில்லை. தலைவர் குரியன் சார், செயலாளர் நான், அவ்வளவுதான். குரியன் சார் வேறொரு பள்ளியில் வைஸ் பிரின்சிபால், கோட்டயத்துக்காரர், மாஸ்டரை 'மாஷ்' என்பார். சக மாஸ்டர்களே, இதே பாவத்தைச் சுமக்கிற உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

கெமிஸ்ட்ரியிடம் தோற்றேன்

போன சீசனுக்கு முந்தின சீசன், போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கையில் என்னுடைய சென்டர் ஃபார்வர்டு திடீரென்று காணாமல் போனாள். டி.சி. வாங்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்குப் போய்விட்டாள் என்றார்கள். இரண்டு வருஷம் வெயிலில் நின்று நான் தயார் செய்த பிள்ளை! ஃபோனை எடுத்து அவளுடைய அம்மாவிடம் கத்தினேன். என்ன ஆசை காட்டினார்கள், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இது நியாயமா என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

அந்த அம்மா நான் முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார்: "அங்க கெமிஸ்ட்ரி டியூஷன் சும்மாவே எடுக்கறாங்க சார். நீங்க ஃபுட்பால் மட்டும்தானே சொல்லித் தர்றீங்க?"

மூன்று ஃபார்வர்டு, ஒரே பெட்ரூம்

கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். பள்ளி மாறினால் ஒரு வருஷம் மைதானத்துக்கு வெளியே உட்கார வேண்டும். குடும்பமே ஓர் எமிரேட்டிலிருந்து இன்னோர் எமிரேட்டுக்கு வீடு மாறியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதற்கு அத்தாட்சியாக அப்பா பேரிலோ அம்மா பேரிலோ வீட்டு வாடகைக் காண்ட்ராக்ட் காட்ட வேண்டும். "சூப்பர் மாஷே!" என்று குரியன் சார் கையெழுத்துப் போட்டார். இனி எவன் என் பிள்ளைகள்மேல் கை வைக்கிறான் பார்க்கலாம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த சீசன் பிறந்ததும் ஒரு பள்ளி மூன்று புது ஃபார்வர்டுகளோடு வந்து நின்றது. மூன்று பேருக்கும் காண்ட்ராக்ட் இருந்தது. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது, எல்லாம் பளபளவென்று இருந்தது. படித்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே கட்டடம், ஒரே கதவு எண், அதுவும் ஒரு பெட்ரூம் ஃப்ளாட். மூன்று அப்பாக்களில் ஒருவரைக் கூப்பிட்டு, இத்தனை பேர் எப்படி அய்யா அதற்குள் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் அசரவே இல்லை.

"நாங்க மூணு குடும்பமும் ரொம்ப ஒத்துமை சார்."

காண்ட்ராக்ட் இல்லாத குடும்பம்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இனிமேல்தான். அதே சீசனில் என்னுடைய பள்ளிக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்கு, துபாயிலிருந்து தர்ஷிகா வந்து சேர்ந்தாள். கோல்கீப்பர். முதல் நாள் பயிற்சியில் நானே ஆறு பந்து அடித்தேன், ஆறையும் பிடித்துவிட்டு, "அவ்வளவுதானா சேர்?" என்பதுபோல் நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவளுடைய அப்பா சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஹார்ட்வேர் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். கம்பெனி கிடங்கை அஜ்மானுக்கு மாற்றியதால் குடும்பத்தோடு வீடு மாறி வந்தவர். நான் எழுதிய விதிவிலக்கு இவருக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. ஆனால் காண்ட்ராக்ட் எங்கே என்றால், "அது என்ர பேரில இல்லை சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வேறொருவர் எடுத்த ஃப்ளாட்டில் ஒரு ரூமில் இருக்கிறார்கள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் உள்வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது, தெரிந்தால் எல்லோரையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அதனால் யாருடைய வீடு, எந்தக் கட்டடம் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. எங்களோடு மோதக்கூடிய இன்னொரு பள்ளி இதை மோப்பம் பிடித்து எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தது. கையெழுத்து, அந்தப் பள்ளியின் கோச் டில்லிபாபு. வியாசர்பாடிக்காரர். முடிவு வரும்வரை தர்ஷிகா வெளியே உட்கார்ந்தாள். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் இன்னொரு பிள்ளையை கோலில் நிறுத்தி, வாங்குகிற கோலைவிட ஒரு கோல் அதிகம் போட்டு, எப்படியோ இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரணி யாரென்றா கேட்கிறீர்கள்? டில்லிபாபுவின் பள்ளியேதான். தர்ஷிகாவுக்கு அது பள்ளி வாழ்க்கையின் கடைசி ஆட்டம். அதில் இறங்காவிட்டால் அஜ்மானில் அவள் ஒரு பந்துகூடத் தொடாமல் போயிருப்பாள்.

வியாழக்கிழமை மத்தியானம் விசாரணை. என் பள்ளி விவகாரம் என்பதால் நான் பேசக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே டில்லிபாபு. குரியன் சார் கடைசியாக ஒரு வழி சொன்னார்: வீட்டை நேரில் வந்து பார்க்கிறோம், விலாசம் மட்டும் கொடுங்கள். சிவநேசன் கண் கலங்க எழுந்து நின்றார்.

"என்ர பிள்ளைக்குச் சரியான ஆசைதான் சேர். ஆனா இருக்க இடம் தந்த மனிசனை என்னால காட்டிக் குடுக்கேலாது."

எதிரி வீட்டு டீ

அனுமதி இல்லை என்று குரியன் சார் எழுத வேண்டியதாயிற்று. சிவநேசன் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு என் விதியைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. பொய்க் காண்ட்ராக்ட் மூன்று வந்தது, உண்மையாக வீடு மாறினவரிடம் ஒன்றுகூட இல்லை. ஜெயித்த டில்லிபாபுவோ சந்தோஷப்படாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நானும் குரியன் சாரும் காரில் ஏறப் போனபோது ஓடி வந்து, "சார், ரெண்டு பேரும் நம்ம வூட்டாண்ட வந்து ஒரு டீ சாப்ட்டுப் போங்க" என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறான் பார் என்று எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. குரியன் சார் டீ என்றால் மறுக்க மாட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாலாவது மாடி. சாவி டில்லிபாபுவின் கையிலேயே இருந்தது, ஆனாலும் பெல் அடித்தார். கதவு திறந்தது. "டில்லி அங்கிள், கீயை விட்டுட்டுப் போயிட்டீங்களோ?" என்று கேட்டபடி தர்ஷிகா நின்றாள்! கையில் பிழிந்த ஈரக் கையுறைகள். என்னைப் பார்த்ததும் அவற்றைக் கீழே போட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால், அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த சிவநேசன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி நின்றார்.

"காண்ட்ராக்ட் என் பேர்லதான் சார் கீது. ஒரு ரூம் எங்களுக்கு, ஒரு ரூம் இவங்களுக்கு. வெளிய தெரிஞ்சா ரெண்டு குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஸ்கூல்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்கோ, பயந்துபோய்ப் போட்டுட்டேன். ஆனா கிச்சன் ஒண்ணுதானே சார்? இந்தப் பொண்ணு ரெண்டு நாளா தட்டுல வெச்சது வெச்சபடி எழுந்து போவுது, அதப் பாத்துக்கினு நான் எப்டி சார் துன்றது?" என்றார் டில்லிபாபு. சொல்லும்போதே அழுதுவிட்டார். இரண்டு மாதமாக அந்த மனிதரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீ வந்தது. குரியன் சார் சாவகாசமாகக் குடித்து முடித்து, விதியின் கடைசியில் 'அல்லது குழு நேரில் கண்டு திருப்தியடைந்தால்' என்று தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஷே, எழுதிக்கோ. நேரில் கண்டு, குடும்பம் உண்டு, பிள்ளை ஃபுட்பால் களிக்கட்டும். ஏது வீடுன்னு யாரெங்கிலும் கேட்டால், எனக்கு வயசாயில்லே? மறந்து போயி."

கோப்பை யாருக்கு?

சனிக்கிழமை சாயங்காலம் இறுதிப் போட்டி. ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு எதிராக பெனால்டி! கோட்டுக்கு வெளியே நான் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். எதிரணிக் கேப்டன் ஓடி வந்து அடித்தாள். நல்ல அடி, வலது மூலைக்கு. தர்ஷிகா பாய்ந்தாள் பாருங்கள், விரல் நுனி பட்டு, பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது! எனக்குக் கத்த வாய் வருவதற்குள் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "அப்டிப் போடு கண்ணு!" டில்லிபாபு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். அவருடைய பதினோரு பிள்ளைகளும் திரும்பி அவரையே பார்த்தார்கள். மனிதர் மெதுவாகக் கையை இறக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஒன்றுக்கு ஒன்று, இரு அணிகளும் வெற்றி என்று அறிவித்தார்கள். தர்ஷிகாவை எங்கள் பிள்ளைகள் தோளில் தூக்கிவிட்டார்கள். சிவநேசன் சிரித்தபடியே அழுதார், நானும்தான். இருப்பது ஒரே கோப்பை, இந்த வாரம் வீட்டுக்கு எடுத்துப் போக டில்லிபாபு கையில் கொடுப்பதா, தர்ஷிகா கையில் கொடுப்பதா என்று குரியன் சார் தலையைச் சொறிந்தார். டில்லிபாபு என் காதருகே வந்து குனிந்தார்.

"யார் கையில வேணா குடுக்கச் சொல்லு சார், எப்டியும் எங்க ஹால் டேபிள் மேலதான் வந்து நிக்கப் போவுது."

ஆகவே சக மாஸ்டர்களே, இந்த ஊரில் ஒரு பிள்ளை எங்கே குடியிருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் அப்பாவிடம் காண்ட்ராக்ட் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், எதிரணிக் கோச்சிடம் ஒரு டீ கேளுங்கள்.