தையல் மெஷினைப் பார்த்துக் குரைத்த குட்டி

என் அக்கா தையல்காரி. மாடி வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கிறாள். அதிகம் வாய் திறக்க மாட்டாள். அதனாலேயே வீட்டில் யாரும் அவளிடம் யோசனை கேட்டதில்லை, நான் உட்பட.

ஒருநாள் அக்காவின் கணவர், எங்கள் மாமா, இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பியதும் அது யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வாண்டு என்று பெயர் வைத்தோம். அளவு நாடா, பாவாடை ஓரம், அக்காவின் விரல் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. மெஷின் ஓடினால் போதும், தொண்டை கிழியக் குரைக்கும். கீழ் வீட்டு நர்ஸ் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவள். கண் சிவக்கப் படியேறி வந்தாள்.

"தூக்கமே போச்சுக்கா. ஏதாவது பண்ணுங்க."

அன்று மாலை மாமா செய்தித்தாளைச் சுருட்டி வாண்டின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். அது மேசைக்கடியில் ஓடி ஒடுங்கிக்கொண்டு அங்கேயே நனைத்துவிட்டது. அக்கா எழுந்து வந்து செய்தித்தாளைப் பிடுங்கினாள்.

"பச்சைக் குழந்தை. பல்லு முளைக்கற நேரம், ஈறு ஊறுது, கடிக்குது. இனிமே இது மேல யாரும் கை வைக்கக் கூடாது."

மாமா துணியெடுத்துத் தரையைத் துடைக்கப் போனார். அந்தக் குரலை நானும் அதுவரை கேட்டதில்லை.

அதன்பின் வாண்டு கடித்தால் அக்கா கையை உதற மாட்டாள். உதறினால் அதற்கு அது விளையாட்டு. மெதுவாகக் கையை விலக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று நேரம் சும்மா நிற்பாள். பிறகு வெட்டுத்துணியில் பின்னிய கயிற்றை நீட்டுவாள். அதைக் கடித்தால் "சமர்த்து" என்பாள். சாயங்காலம் கடி அதிகமானால் தூக்கக் கலக்கம் என்று புரிந்துகொண்டு படுக்க வைப்பாள். நான் ஒருநாள் வெறுங்கையால் அதனுடன் மல்லுக்கட்டி நன்றாகக் கடி வாங்கிக்கொண்டேன்.

குரைப்புக்கு மாமாவே உதவிக்கு வந்தார். அறையின் மறுகோடியில் குட்டியை மடியில் வைத்துக்கொள்வார். அக்கா இரண்டே மிதி மிதிப்பாள். வாண்டு வாய் திறக்குமுன் மாமா ஒரு துண்டு வேகவைத்த கேரட் கொடுப்பார். இரண்டு மிதி நான்கானது, நான்கு பத்தானது, மெஷினுக்கும் குட்டிக்கும் இருந்த இடைவெளியும் குறைந்தது. குரைத்துவிட்டாலும் அக்கா திட்ட மாட்டாள். "இன்னிக்கி நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று மறுபடி தள்ளி உட்காரச் சொல்வாள்.

ஆறேழு வாரம் போயிருக்கும். நர்ஸ் தயங்கித் தயங்கி மேலே வந்தாள்.

"குட்டிய யாருக்காவது குடுத்துட்டீங்களா? சத்தத்தையே காணோமே."

அக்கா மெஷினை நிறுத்தாமல் கீழே கை காட்டினாள். மிதிகட்டைக்குப் பக்கத்தில் வாண்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் தடுப்பூசிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் வாண்டின் வாய்க்குள் விரல் விட்டுப் பல் பார்த்தார். அது சும்மா இருந்தது. வெளியே காத்திருக்கும் அறையில், கையில் கட்டுப் போட்ட ஒருவர் துள்ளும் குட்டியோடு தவித்துக்கொண்டிருந்தார். "இந்த அம்மாகிட்ட கேளுங்க" என்றார் டாக்டர். அக்கா கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். காத்திருந்த எல்லோரும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "உங்களுக்கு அவங்களத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்கக்கா" என்றேன், அந்த அறைக்கே கேட்கும்படி.