வெள்ளிமலை பஸ்ஸில் மிலான்காரரின் கதை

பிற்பகல் மூன்றரைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ் புறப்பட்டது. “உக்காருங்க டீச்சர்” என்று நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் சரித்திர ஆசிரியை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் மிலான் நகரத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சிறு நூல் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் மட்டும் நகரவில்லை. வெள்ளிமலையில் தோழி ஸ்டெல்லாவின் வீட்டில் தங்கி முடித்துவிடலாம் என்று கிளம்பியிருந்தேன்.

வடக்கனந்தலுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் அப்பால் கோமுகி அணையின் தண்ணீர் வானத்தைவிட வெளிறிக் கிடந்தது. பிறகு மலை. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. மேகம் ஜன்னல் வழியே நுழைந்து மடியிலிருந்த காகிதங்களை நமுத்துப்போக வைத்தது. அரைத் தூக்கத்தில், நான் பார்த்தேயிராத மிலான் தெருக்களில் கடுக்காய் மரங்கள் நின்றன.

“இன்னா டீச்சர் எழுதிக்கினு வரீங்க?”

முன் சீட்டுக்காரர் திரும்பிக் கேட்டார். பெயர் அண்ணாமலை. மலையில் சாமை விதைக்கிறவர், ஐம்பது வயதிருக்கும்.

சொன்னேன். அந்த மிலான்காரர் பெரிய வீட்டுப் பிள்ளை. காதலித்த பெண்ணைக் கட்டக்கூடாது என்று அப்பாவே அவரை வீட்டுக்காவலில் வைத்தார். அப்புறமும் இவர் அவளைத்தான் கட்டினார். ரொம்பக் கூச்சக்காரர். இருபத்தாறு வயதில் எழுதிய சின்னப் புத்தகத்தைப் பயந்து, பெயர் போடாமல் வெளியிட்டார். அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. பாரிசுக்கு அழைத்துக் கொண்டாடினார்கள். மனைவியைப் பிரிந்திருக்க முடியாமல் பாதியிலேயே ஊர் திரும்பிவிட்டார்.

அண்ணாமலை சிரித்தார். “வூட்டு நெனப்பு வந்துட்ச்சு போல. அப்படி இன்னாதான் எழுதினாரு?”

“அடிச்சு உண்மைய வாங்க முடியாதுன்னு எழுதினாரு. அடி தாங்கறவன் தப்பு செஞ்சிருந்தாலும் தப்பிச்சுக்குவான், தாங்காதவன் செய்யாததையும் ஒத்துக்குவான். தூக்குத் தண்டனையும் வேணாம்னாரு.”

அவர் சிரிப்பு நின்றது.

“நான் ஒத்துக்கினேன் டீச்சர்,” என்றார். “வேற மாநிலத்துக்குக் கெணறு வெட்டப் போனேன். காட்டுல திருட்டு மரம் வெட்ட வந்தவன்னு புடிச்சிட்டாங்க. பாஷை தெரியாது. அடி தாங்கல. இன்னா கேட்டாலும் ஆமான்னேன். ரொம்ப நாள் கழிச்சு கோர்ட்டுல வுட்டாங்க. இன்னும் ஸ்டேஷன் இருக்கிற தெருவுல நான் நடக்கறதில்ல.”

பஸ் மேகத்துக்குள் மிதப்பதுபோல் ஏறிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு மேல், சாலையோரம் கூட்டத்தைக் கண்டு ஓட்டுநர் பிரேக் போட்டார். பலா மரத்தில் ஓர் இளைஞனைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. “ஆடு திருடினவன். ஒத்துக்கினான்” என்றார் கையில் கழி வைத்திருந்தவர்.

அண்ணாமலை இறங்கிப் போய்க் கழிக்காரருக்கும் இளைஞனுக்கும் நடுவில் நின்றார்.

“அடிச்சா நானும் ஒத்துக்குவேன். நீயும் ஒத்துக்குவ. அவுத்து வுடு.”

“நெஜமாவே எடுத்திருந்தா?”

“எடுத்திருந்தா கேஸ் குடு. கட்டி வெச்சி அடிக்காத.”

பிறகு ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனில் அவனை இறக்கிவிடுவதாகப் பேச்சு முடிந்தது. கழிக்காரர் கழியைப் போட்டுவிட்டு, பின்னாலேயே வந்து புகார் தருவதாகச் சொன்னார்.

என் தண்ணீர் பாட்டிலை அந்த இளைஞனிடம் கொடுத்தேன். பாதி குடித்தான். யாரும் எதுவும் கேட்காதபோது மெதுவாகச் சொன்னான்: “ஆட்ட நான்தாங்க எடுத்தேன்.”

நான் அண்ணாமலையைப் பார்த்தேன். கோபமோ ஏமாற்றமோ அந்த முகத்தில் இல்லை. “அதையே அங்க சொல்லு. நான் கூட வரேன்” என்றார்.

அவருடைய ஊர் நிறுத்தம் வந்தது, போனது. அவர் எழவில்லை. ஸ்டேஷன் வாசலில் இருவரும் இறங்கினார்கள். பஸ் நகர்ந்ததும் மேகம் இருவரையும் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை ஸ்டெல்லா போட்ட காபியைக் குடித்துவிட்டு மலையிறங்கும் பஸ்ஸைப் பிடித்தேன். கடைசி அத்தியாயம் இரவிலேயே முடிந்திருந்தது; எழுத வேறு எதுவும் இல்லாததுபோல் இருந்தது. அண்ணாமலையின் ஊரில் பஸ் நின்றபோது, டீக்கடை வாசலில் அவர். என்னைக் கண்டதும் ஜன்னலோரம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“கேஸ் எழுதிட்டாங்க. இன்னிக்கு கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போறாங்க.”

“நீங்க உள்ள போனீங்களா?”

“போவ முடியல டீச்சர். காலு வரல. வெளிய உக்காந்து, உள்ள இருந்து அடிக்கிற சத்தம் வருதான்னு காது குடுத்துக்கினே இருந்தேன்.”

“வந்துதா?”

“வரல,” என்றார். பஸ் நகரத் தொடங்கியது. கூடவே சில அடி நடந்து வந்து மறுபடியும் சொன்னார்: “விடியற வரைக்கும் வரவே இல்ல.”